காணாமல் போன 'இ'

திருத்தணியில பத்திரிகை அடிக்கிற கடைக்காரருக்கு ரெண்டு மொழியும் வேணுங்க. 1960 ஏப்ரல் 1-ல ஊர் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தாச்சு. ஆனா சம்பந்தம் பண்றவங்க எல்லைக்கோட்டைப் பார்த்தா பண்றாங்க? பொண்ணு இங்கே, மாப்பிள்ளை நகரியில. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு.

அப்படி கடை வெச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் கேட்டார்: "தம்பி, புது கம்ப்யூட்டர்ல பழைய ஃபாண்ட் சாஃப்ட்வேர் ஏறவே மாட்டேங்குது. கல்யாணத்துக்கு வர்றவங்க அப்பா காலத்துப் பத்திரிகையைத் தேடுறாங்க, பெரியவங்க பேரு எந்த வரிசைல வந்துச்சுன்னு. அதெல்லாம் இதுலதான் கிடக்கு."

அந்தக் காலத்து இன்ஸ்டாலர்கள் பல 16 பிட். 64 பிட் விண்டோஸ் அவற்றை ஓட்டாது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. போதாததுக்கு, பிரிண்டர் போர்ட்டில் செருகுற பூட்டு வேற. இப்போ வர்ற பெட்டிகளில் அந்த போர்ட்டே இல்லை!

ஆனா மக்களே, இந்த அவஸ்தை தமிழுக்குப் புதுசு இல்லை. திஸ்கி ஞாபகம் இருக்கா? அதில் 'இ' உட்கார்ந்திருந்தது 173-ம் இடத்தில். உலகத் தரத்தில் அது வரி உடையும்போது மட்டும் தெரிய வேண்டிய இணைகோட்டின் இடம், மத்த நேரம் மறைஞ்சிருக்கணும். புது மென்பொருள்கள் தரத்தை ஒழுங்கா மதிக்க ஆரம்பிச்சதும் நம்ம 'இ' மறைஞ்சது. இட்லி 'ட்லி' ஆச்சு (சாப்பிட முடியாது!). திஸ்கி 1.7-ல் 'இ'க்கு 254-ம் இடத்தைக் கொடுத்தாங்க.

1999-ல் தமிழக அரசு டாம், டாப்னு ரெண்டு தரம் அறிவிச்சது. அடுத்த வருஷமே விண்டோஸ் 2000-ல யூனிகோட் தமிழ் வந்துடுச்சு. அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டது 2010-ல. அதுக்குள்ள அச்சுக்கடைகள் எல்லாம் ஆளுக்கொரு எழுத்துருவில் மலை மாதிரி கோப்பு சேர்த்துட்டாங்க.

அண்ணனுக்குச் சொன்னது இதுதான்: பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடாதீங்க. அதிலிருக்கிற டிடிஎஃப் எழுத்துருக்களை மட்டும் எடுத்துப் புதுசில் போட்டா, அது பாட்டுக்கு ஏறிடும். அடம் பிடிக்கிறது இன்ஸ்டாலரும் தட்டச்சு நிரலும்தான். பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் திறக்கும், அதுக்கப்புறம் வந்தது திறக்காது. இல்லைன்னா மெய்நிகர் கணினிக்குள்ள எக்ஸ்பி போட்டுக்கலாம், இணையத்தோட மட்டும் இணைக்காம.

இப்போ ஞாயித்துக்கிழமைகள்ல ஒவ்வொண்ணா பிடிஎஃப் ஆக்கிட்டு இருக்கோம். தெலுங்குப் பக்கத்தை என்னால சரிபார்க்க முடியலை, அதுக்கு அண்ணியைக் கூப்பிடுறோம்.