ஏங்கிப்போன பிள்ளையும் மும்பைப் பள்ளிகளும்

தாயைப் பிரிந்த குழந்தை சோறு இறங்காமல் வாசலையே பார்த்துக் கிடந்தால், ‘பிள்ளை ஏங்கிப்போச்சு’ என்பார்கள் நம் வீடுகளில். உளவியலார் பின்னாளில் ‘பிணைப்பு’ என்று பெயரிட்டு ஆராய்ந்ததில் பாதி இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஏக்கம் தீராவிட்டால் அது படிப்பைத் தடுக்கும், கோபமாக வெடிக்கும் என்பது மறுபாதி. இந்த அறிவு மும்பைக்கு எப்போது வந்தது, வந்தும் வகுப்பறைக்குள் ஏன் நுழையவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வந்தது, பலர் நினைப்பதைவிட முன்பே. 1936-இல் மும்பை நாக்பாடாவில் கிளிஃபர்ட் மேன்ஷார்ட் தலைமையில் சர் தோராப்ஜி டாடா சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. 1954 முதல் செம்பூரை அடுத்த தேவனாரில் இயங்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே. அப்பள்ளி 1937-இலேயே குழந்தை வழிகாட்டு மையம் ஒன்றைத் திறந்தது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் லண்டனில் இதே வகை மையம் ஒன்றில், பிணைப்பு ஆய்வின் முன்னோடி ஜான் பௌல்பி திருட்டுப் பழக்கமுள்ள 44 பிள்ளைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். யாரிடமும் ஒட்டாதவர்கள் என்று அவர் வகுத்த 14 பேரில் 12 பேர், சிறுவயதில் நெடுநாள் தாயைப் பிரிந்திருந்தவர்கள். முடிவுகள் 1944-இல் வெளிவந்தன.

ஆனால் அன்று பம்பாய் எனப்பட்ட மும்பையில் தவறு செய்த சிறுவன் போன இடம் வேறு. 1924-ஆம் ஆண்டின் பம்பாய்க் குழந்தைகள் சட்டம் அவனைச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து, 1857-இல் தோன்றிய டேவிட் சாசூன் சீர்திருத்தப் பள்ளி போன்ற இடங்களுக்கு. கலங்கிய பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே அனுப்பும் வழக்கம் அன்று வேரூன்றியது. நோயாளி என்றால் மையம், குற்றவாளி என்றால் சீர்திருத்தப் பள்ளி. ஆசிரியருக்கு இதில் இடமில்லை.

மாட்டுங்காவை ஒட்டிய தாதரில் தாராபாய் மோடக் 1936-இல் நிறுவிய சிசு விஹார் பள்ளி இதற்கு விலக்கு. கல்வியாளர் கிஜுபாய் பதேக்காவுடன் பணியாற்றி, மாண்டிசோரி வழியில் வந்த அவர், பயமுறுத்தாத பள்ளியை நடத்திக் காட்டினார். பின்னர் குழந்தையின் வீட்டு முற்றத்துக்கே வகுப்பைக் கொண்டுபோனார். ‘அங்கன்’ என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் அவர் வழி வந்தது. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் நாடெங்கும் தொடங்கிய 33 இடங்களில் தாராவியும் ஒன்று.

தாராவிச் சந்தில் காலை நேரம். மாட்டுங்கா அடுக்ககங்களில் வீட்டுவேலைக்குக் கிளம்பும் தாயின் முந்தானையை மூன்று வயதுப் பிள்ளை விடாது. அங்கன்வாடி அக்கா ஒவ்வொரு விரலாகப் பிரித்து, தன் முந்தானையைப் பிடிக்கக் கொடுப்பார். நாளடைவில் பிள்ளை அதைத் தானே தேடிப் பிடிக்கும். உளவியலார் மேரி ஐன்ஸ்வொர்த் 1954-55-இல் உகாண்டாவில் 26 குடும்பங்களிடையே கண்டதும் இதைப் போன்றதே: நம்பிக்கையான ஒருவர் அருகில் இருந்தால் பிள்ளை துணிந்து உலகைப் பார்க்கிறது. அந்த ஒருவர் தாயாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆச்சியோ சித்தியோ டீச்சரோ ஆகலாம். வேலைக்குப் போகும் தாய்மீது பழி போட இந்த அறிவியலைப் பயன்படுத்துவோர் அதைத் தவறாகப் படித்தவர்கள்.

1990-களில் உதவிகள் பெருகின. 1996-இல் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் திட்டமாக, ஜெரு பிலிமோரியாவின் முயற்சியில், குழந்தைகளுக்கான 1098 உதவி எண் பிறந்தது. 1999-இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கிய சினேகா தொண்டு அமைப்பு தாராவியில் பணியாற்றுகிறது. இரண்டும் அரியவை, இரண்டும் வகுப்பறைக்கு வெளியே நிற்பவை. உள்ளே நடந்ததை மத்திய அரசின் 2007 ஆய்வு காட்டியது: 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் விசாரித்ததில், பள்ளி செல்வோரில் 65 விழுக்காட்டினர் அடிபட்டதாகச் சொன்னார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. பிரம்பைக் கீழே வைக்கச் சொன்ன சட்டம், அடிவாங்கிப் பழகிய பிள்ளையின் அருகில் எப்படி உட்காருவது என்று ஆசிரியருக்குச் சொல்லித்தரவில்லை.

அங்கன்வாடி மாநில அரசின் துறையில், பள்ளி மாநகராட்சியின் கையில். எந்தப் பிள்ளை எதற்கு அஞ்சும் என்று மூன்றாண்டு பார்த்துத் தெரிந்துவைத்த அக்காவின் அறிவு இந்த இடைவெளியில் வீணாகிறது. மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள்: ஒன்றாம் வகுப்பின் முதல் நாளில் அந்த அக்காவே பிள்ளையின் கையைப் பிடித்து வந்து, புதிய டீச்சரின் கையில் கொடுக்கட்டும்.