திருத்தும் கைகளும் தேறும் உண்மையும்

தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அச்சேறிய பிழை மறுபதிப்பு வரும்வரை நிலைத்திருக்கும். 2001இல் இணையத்தில் தோன்றிய விக்கிப்பீடியாவை எவரும் திருத்தலாம். 2003 முதல் தமிழிலும் அஃது உண்டு.

2005இல் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் தலைப்புகளை ஆராய்ந்து, கட்டுரைக்கு அதில் ஏறத்தாழ நான்கு பிழைகளும் பிரிட்டானிக்காவில் மூன்றும் இருப்பதாகக் கூறியது. பிரிட்டானிக்கா அதை மறுத்தது. அவ்வாண்டே அமெரிக்க இதழாளர் ஜான் சீகென்தாலர்மீது புனைந்த பழி நான்கு திங்கள் விக்கிப்பீடியாவில் நின்றது.

ஆயினும், அலுவலகக் கோப்பின் குறிப்புத்தாள்போல, ஒவ்வொரு திருத்தமும் அதன் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. அதனையும் சான்றுகளையும் கண்டபின் நம்புவதே முறை. தமிழகத்துக்கு வெளியே வளரும் நம் பிள்ளைகள் தம் ஊரையும் அதில்தான் தேடுவர். பிழை கண்டும் வாளாவிருந்தால் அப்பிழை நம்முடையதே.