மாயாதுன்னையின் கணக்கு

என்னிடம் ஏஎல் தமிழ் படித்தவன் ஒருவன் இப்போது கெம்பஸில் இரண்டாம் வருடம். இராணுவ வரலாறு, சர்வதேசப் பாதுகாப்பு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். போன நோன்பு லீவில் வீட்டுக்கு வந்திருந்தான். "சேர், குஞ்ஞாலி மரைக்கார் கதையை நீங்க வகுப்பில பாதிதானே சொன்னீங்க?" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

நான் சொல்லி வந்தது இவ்வளவுதான். 1521இல் கோட்டை இராச்சியம் மூன்றாகப் பிரிந்தது. கோட்டையில் இருந்த புவனேகபாகு போர்த்துக்கேயரை அண்டினான். சீதாவாக்கையை ஆண்ட தம்பி மாயாதுன்னை, கள்ளிக்கோட்டைச் சாமூதிரியிடம் உதவி கேட்டான். சாமூதிரியின் கடற்படையோ மரைக்கார்மாரின் கையில். அவர்கள் கடல் கடந்து வந்து பறங்கியரோடு பொருதினார்கள். அந்த இடத்தில் மணி அடித்துவிடும்.

மீதியை அவன்தான் மேசையில் விரலால் வரைந்து காட்டினான். 1538இல் 40க்கு மேற்பட்ட படகுகள் இலங்கைக்குப் புறப்பட்டு வந்தன. மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் ஆட்கள் கரையிறங்கித் தங்கியிருந்தபோது மார்ட்டின் அபோன்சோ டி சூசா வந்து விழுந்தான். படகும் பீரங்கியும் போயின. "கடலில அவங்களப் பிடிக்கிறது கஷ்டம் சேர். கரையில வைச்சுத்தான் பிடிச்சான்."

அடுத்த வருடமே பச்சி மரைக்காரும் குஞ்ஞாலி மரைக்காரும் திரும்ப வந்தார்கள். மிகுவெல் பெரேரா படையோடு வந்து கோட்டையோடு சேர்ந்துகொண்டான். மாயாதுன்னைக்கு மூச்சு முட்டியது. சமாதானத்துக்கு அவன் கேட்ட விலை மரைக்கார்மார். கடைசியில் அவர்களுடைய தலைகள்தான் போர்த்துக்கேயரிடம் போய்ச் சேர்ந்தன.

"துரோகி" என்றேன்.

"அவன்ட இராச்சியம் மிஞ்ச வேணுமே சேர். அதுக்குப் பிறகும் சாகும்வரைக்கும் அவன் பறங்கிக்கு எதிராத்தானே நிண்டான்?"

உண்மைதான். 1581இல் அவன் இறந்த பின் மகன் இராஜசிங்கன் 1587இல் கொழும்பையே முற்றுகையிட்டான். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. அந்தக் கணக்கு அரசன் எழுதிய கணக்கு. தலை கொடுத்தவர்களுக்கு அதில் எந்தப் பத்தி? 1600இல் நான்காம் குஞ்ஞாலி, உயிருக்கு உறுதி வாங்கிக்கொண்டு சரணடைந்தது தன் சொந்தச் சாமூதிரியிடம். போர்த்துக்கேயர் அவரைக் கொண்டுபோய்க் கோவாவில் கொன்றார்கள். இதைச் சொன்னதும் பெடியன் கொஞ்சநேரம் பேசவில்லை.

இந்தத் தவணையில் 1600 வரைக்கும் சொல்கிறேன். இரண்டு பாடவேளை பிடிக்கிறது.