ஊசலில் தொடங்கி இட்லி மாவு வரை

பி.காம். படிக்கிறவனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காதீர்கள். கதை நம்ம மெட்ராஸிலும் கொஞ்சம் நடந்தது :-)

1821ல் மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலை ஆடவிட்டு அளந்துகொண்டிருந்தார். ஊசலின் ஆட்டத்தை வைத்து அந்த இடத்தின் புவியீர்ப்பு, அதை வைத்து பூமியின் வடிவம். தொல்லை கொடுத்தது காற்று. ஊசல் தன்னை ஒட்டிய காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். எவ்வளவு காற்று?

இங்கிலாந்தில் ஸ்டோக்ஸ் 1850ல் இதற்குக் கணக்குப் போட்டார். ஒரு தட்டு முன்னும் பின்னும் ஆடினால் அதன் மேலிருக்கும் திரவம் என்ன செய்யும்? தள்ளிப் போகப் போக ஆட்டம் குறையும், தாமதமாகவும் வரும். தண்ணீரில் தட்டு நொடிக்கு ஒரு முறை ஆடினால், அரை மில்லிமீட்டர் சொச்சம் தள்ளியே ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்!

ஆனால் இது தண்ணீர், காற்று மாதிரி சாதுக்களுக்கு மட்டும். இட்லி மாவு அப்படியில்லை. வேகமாகக் கலக்கினால் இளகும், விட்டால் கெட்டியாகும். மழையில் ஊறிய சேறு இன்னொரு ரகம். ஓரளவு விசை வரை அசையாமல் கிடக்கும், தாண்டினால் ஓடும். 2009 நவம்பர் மழையில் எங்கள் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள், அதனால் இதை வெறும் வேடிக்கையாக என்னால் பார்க்க முடியவில்லை. ஆடும் தட்டின் மேல் சேறு இருந்தால், குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் பாய்வதே நின்றுவிடும். மீள்தன்மையுள்ள திரவமென்றால் அதிர்வு இன்னும் தூரம் போகலாம்.

இங்கேதான் நம்மவர் வருகிறார். கும்பகோணம் ஆர். ராஜகோபால். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973ல் பி.டெக். முடித்து அமெரிக்கா போய், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 1982ல் இத்தகைய திரவங்களில் ஒரு வகைக்கு ஆடும் தட்டின் கணக்கைத் துல்லியமாகத் தீர்த்தார். அடுத்த வருடம் நா என்பவரோடு சேர்ந்து, ஸ்டோக்ஸின் பெயரையே தலைப்பில் வைத்து இன்னொரு கட்டுரை.

எனக்குப் பிடித்தது விடையை விட அவர் கிளப்பிய சந்தேகம். இந்தத் திரவங்களின் சமன்பாடு ஒரு படி பெரியது. தட்டை ஒட்டிய திரவம் தட்டோடே நகரும் என்ற ஒரே நிபந்தனை பல சமயம் போதாது, கணக்கு டேலி ஆகாது. மீதி நிபந்தனையை எங்கே தேடுவது? 1995ல் இதற்கென்றே தனியாக ஒரு கட்டுரை எழுதினார்.