முளைகள் மறைந்த வீதி

வீதி அமைக்கும் இடங்களில் நெடுங்காலம் காணப்பட்ட ஒரு காட்சி இன்று பல நாடுகளில் அருகி வருகிறது. வரிசையாக மரமுளைகள் நடப்பட்டிருக்கும் காட்சியே அது. நில அளவையாளர் குறித்த இடைவெளிகளில் முளைகளை அடித்து, இவ்விடத்தில் இத்தனை வெட்டவேண்டும், அவ்விடத்தில் இத்தனை நிரப்பவேண்டும் என்று எழுதி வைப்பார். புல்டோசர் சாரதி அதைப் பார்த்து மண்ணைத் தள்ளுவார். இயந்திரம் மோதி முளை சாய்ந்தால் அளவையாளர் மறுபடியும் வரவேண்டும். இரு முளைகளுக்கு இடைப்பட்ட நிலத்தின் மட்டத்தைத் தீர்மானித்தவை சாரதியின் கண்ணும் கையுமே.

அம்முளைகளின் இடத்தை இன்று ஜி.பி.எஸ் வழிகாட்டும் இயந்திரக் கட்டுப்பாடு பிடித்திருக்கிறது. இது பொறியியலாளர்களுக்கு மட்டும் உரிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் இதன் பின்னாலுள்ளது யுத்தத்தினதும் அரசியலினதும் வரலாறு. பத்திரிகையாளனாகிய எனக்கு இதில் அக்கறை ஏற்பட்டதும் அதனால்தான்.

ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் திணைக்களம் இத்திட்டத்தின் முதலாவது செய்மதியை 1978 பெப்ரவரியில் ஏவியது. படையினரின் தேவைக்கென உருவான திட்டம் இது. 1983 செப்டெம்பர் 1ஆம் திகதி, வழிதவறிச் சோவியத் வான்பரப்பினுள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானமொன்று சக்காலின் தீவுக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். இதே மாதத்தில், திட்டம் முழுமை பெற்றதும் சிவில் விமானங்கள் அதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று ஜனாதிபதி றீகனின் அரசு அறிவித்தது. சிவில் பாவனைக்கான சமிக்ஞை ஏற்கெனவே திட்டத்தில் இருந்தது. எனவே அன்றுதான் அது பொதுமக்களுக்குக் கிடைத்தது என்பது மிகையான கூற்று. ஆயினும் உலகறிய அளிக்கப்பட்ட ஓர் உறுதிமொழி அது.

கொடுத்த கை முழுமையாகக் கொடுத்துவிடவில்லை. 1990 மார்ச்சிலிருந்து சிவில் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. எதிரி துல்லியமாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதே நோக்கம். இதனால் இருப்பிடம் 100 மீற்றர் வரை தவறக்கூடும். 1991 வளைகுடா யுத்தத்தின்போது வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் அறிக்கைகளில்தான் இந்த மூன்றெழுத்துகளை நான் முதன்முதலாகக் கண்டேன். அந்த யுத்தத்தில் ஒரு முரண்நகை நிகழ்ந்தது. இராணுவத்துக்கெனத் தயாரிக்கப்பட்ட கருவிகள் போதாமையால், அமெரிக்கப் படையினர் சிவில் சந்தைக் கருவிகளுடன் பாலைவனத்தில் இறங்கினர். ஆகவே, தான் கலந்த பிழையைத் தானே சிலகாலம் நிறுத்திவைக்க வேண்டிய நிலைக்கு அரசு தள்ளப்பட்டது. ஜனாதிபதி கிளின்டனின் உத்தரவின்படி 2000 மே மாதத்தில் அது முற்றாக நிறுத்தப்பட்டது.

நில அளவையாளர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. அவர்கள் கண்ட வழி எளிமையானது. சரியான அளவு முன்னரே தெரிந்த ஓரிடத்தில் ஒரு கருவியை நிலையாக நிறுத்துவது. செய்மதி சொல்லும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்குமுள்ள வேறுபாட்டைக் கணிப்பது. அயலில் இயங்கும் மற்றைய கருவிக்கு அத்திருத்தத்தை வானொலி அலைமூலம் அனுப்புவது. இரு கருவிகளுக்கும் பொதுவான பிழை, அது இயற்கையானதோ அரசு கலந்ததோ, இவ்வாறு நீங்கிவிடும். இத்துடன், ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர் நீளமுள்ள சமிக்ஞை அலையின் நுண்பகுதிகளையே அளந்ததனால் துல்லியம் சில சென்ரிமீற்றர்களுக்குள் வந்தது. 1980களில் இதற்கு நீண்டநேரம் ஓரிடத்தில் அசையாது நிற்க வேண்டியிருந்தது. 1990களில் ஓடிக்கொண்டே அளக்க முடிந்தது. ஓடும் இயந்திரத்தில் அதனைப் பொருத்துவதுதான் அடுத்த படி.

அதற்கான களமும் ஆயத்தமாக இருந்தது. ரைட் சகோதரர்களின் ஊரான ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில், சுழலும் லேசர் கதிரைக்கொண்டு மட்டம் பார்க்கும் கருவிகள் முன்னரே தயாராகி வந்தன. லேசர் காட்டுவது ஒரு தளத்தை மட்டுமே. வளைந்தும் ஏறியிறங்கியும் செல்லும் வீதிக்கு அது போதாது. 2002இல் கற்றர்பில்லர், றிம்பிள் ஆகிய இரு நிறுவனங்களும் இணைந்து இயந்திரக் கட்டுப்பாட்டுக்கென ஒரு கூட்டு நிறுவனத்தை அதே நகரில் அமைத்தன. வீதியின் முப்பரிமாண வரைபு இயந்திரத்தின் கணினியில் ஏற்றப்படுகிறது. தன் அலகு எங்கே நிற்கிறது, எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கணினி இடையறாது ஒப்பிட்டு, அலகை உயர்த்தியும் தாழ்த்தியும் விடுகிறது.

இதனால் மிஞ்சுவது சிறிதல்ல. 10 மீற்றர் அகலமான வீதியில் 2 சென்ரிமீற்றர் தடிப்பு மேலதிகமானால், ஒரு கிலோமீற்றருக்கு 200 கனமீற்றர் கற்கலவை வீணாகும். ஆனால் செய்மதிகள் தலைக்கு மேலே மட்டுமே உள்ளமையால், உயரத்தை அளப்பதில்தான் ஜி.பி.எஸ் பலவீனமானது. எனவே வீதியின் இறுதிப் படைக்கு இன்றும் லேசரின் துணையோ தரையில் நிறுத்தும் அளவைக் கருவியின் துணையோ நாடப்படுகிறது.

இழப்பும் உண்டு. பல ஆண்டுகள் பழகிப் பெற்ற கைத்திறன் இன்று ஒரு கோப்பினுள் அடங்குகிறது. வேலையாட்கள் குறைந்துவரும் ஜப்பான் 2016இல் அரச கொள்கையாகவே இம்முறையை ஊக்குவிக்கத் தொடங்கியது. வேலை தேடுவோர் நிறைந்த நாடுகளுக்கு அதே கணக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும் மெலிந்த சமிக்ஞையை யுத்தகாலத்தில் குழப்பிவிடவும் முடியும். ரஷ்ய, ஐரோப்பிய, சீனச் செய்மதிகளையும் சேர்த்தே இன்றைய கருவிகள் பயன்படுத்துகின்றன. ஆயினும் அவையும் அரசுகளின் கைகளிலேயே உள்ளன.

முளைகள் எல்லாம் மறைந்துவிட்டன என்று நான் நினைக்கவில்லை. அடித்தளக் கருவி நிற்கும் அந்த அளவறிந்த புள்ளி எஞ்சியிருக்கிறது. அதன் உயரம் 10 சென்ரிமீற்றர் பிழைத்தால், வீதி முழுவதும் அதே பிழையுடன் ஒழுங்காக அமையும். முன்னர் ஒரு முளை பிழைத்தால் அடுத்த முளை அதனைக் காட்டிக்கொடுத்தது. இன்று காட்டிக்கொடுக்க அயலில் எதுவுமில்லை. ஆதலால் அந்த ஒரு புள்ளியை நிறுவி, பேணி, மீண்டும் மீண்டும் சரிபார்க்கும் நில அளவையாளரின் பொறுப்பு முன்னரைவிடக் கூடியிருக்கிறது. இயந்திரங்களை வாங்கும் அரசுகள் அவரது பதவியை வெற்றிடமாக விட்டுவைக்கலாகாது.