புதையலும் அமானிதமும்: உடுமலை மண்ணில் ஒரு ரிகாஸ் பாடம்



மத்ரஸாவில் ஸகாத் பாடம் நடத்தும்போது, ஒவ்வோர் ஆண்டும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மாணவர்களின் கவனம் தளர்வதை நாம் கண்டிருக்கிறோம். தங்கம், வெள்ளி, வணிகப் பொருள், விளைச்சல் ஆகியவற்றின் கணக்குகளைக் கேட்கையில் பிள்ளைகள் தம் வீட்டு நகையையும் தென்னந்தோப்பையும் பனியன் தொழிலையும் நினைத்துக்கொள்கின்றனர். ‘ரிகாஸ்’ என்னும் தலைப்பு வந்ததும் முகங்கள் வாடிவிடுகின்றன. முற்காலத்தவர் மண்ணில் புதைத்துவிட்டுச் சென்ற செல்வத்திற்கே ரிகாஸ் என்று பெயர். அதில் ஐந்தில் ஒரு பங்கு பொதுநலனுக்கு உரியது என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்தளித்த சட்டம். சென்ற ஆண்டு ஒரு மாணவர் எழுந்து, “ஹஜ்ரத், இந்தப் பாடம் நம்ம ஊருக்கு எதுக்குங்க?” என்று கேட்டார்.

அவருக்கு நாம் சொன்ன விடை ஓர் ஊரின் பெயர்: பூதிநத்தம்.

உடுமலைப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த அச்சிற்றூரில், கடந்த நூற்றாண்டில் மண்ணுக்குள்ளிருந்து ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாக வெளிப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,400. அவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் காசுகள். அகஸ்டஸ் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரையிலும், அவருக்குப் பின் திபேரியஸ் கி.பி. 37 வரையிலும் ரோமாபுரியை ஆண்டனர். ஈஸா (அலை) அவர்கள் இவ்வுலகில் வாழ்ந்த காலமும் அதுவே. அக்காலத்து வெள்ளி நம் ஊர்ப் புழுதிக்கடியில் கிடந்தது என்றதும், வகுப்பில் உறக்கம் கலைந்தது.

அவ்வெள்ளி இங்கு எவ்வாறு வந்தது? இதற்கான விடையில் ஒரு பகுதியை நாம் அன்றாடம் முகத்தில் உணர்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே ஆனைமலையாகவும் வடக்கே நீலகிரியாகவும் உயர்ந்து நிற்க, இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்குத் தாழ்ந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அவ்வாயில் வழியே நுழைந்து வருவதனால்தான் உடுமலையைச் சுற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. அன்றைய கப்பல்களைச் செங்கடலிலிருந்து சேரநாட்டு முசிறித் துறைமுகத்திற்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் அதே பருவக்காற்று. பருவக்காற்றுக்கு ஐரோப்பியர் வழங்கும் ‘மான்சூன்’ என்ற பெயர், பருவம் எனப் பொருள்படும் ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. முசிறியில் இறங்கிய பொருள், அக்கணவாயைக் கடந்து கொங்கு நாட்டின் வழியே கரூரை நோக்கிச் சென்றது. காற்று வந்த வழியிலேயே காசும் வந்தது.

மற்றொரு பகுதி நம் மண்ணின் பாறைக்குள் இருக்கிறது. காங்கேயத்தை அடுத்த படியூரில் பெரில் என்னும் கடல்நிறப் பச்சைக்கல் கிடைத்தது. பூமிக்கடியில் பாறைக்குழம்பு இறுதியாக மெல்லக் குளிர்ந்து உறையும் இடங்களில், பருமனான படிகங்கள் கொண்ட பாறைத் தடங்கள் உருவாகின்றன. பெரில் அத்தடங்களில்தான் விளைகிறது. நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில், தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் மணி செய்யும் தொழிற்கூடங்களின் தடயங்களும் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்தில் வரும் ‘கொடுமணம்’ இவ்வூரே என்பது ஆய்வாளர் கருத்து. பெரில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகிறது என்று எழுதிய ரோமானிய அறிஞர் பிளினி, ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்றும் குறைபட்டுக்கொண்டார். அவர் குறைபட்ட பணத்தில் ஒரு சிறு பங்குதான் பூதிநத்தத்தில் உறங்கியது போலும்.

மாணவர்களுக்கு மேலும் ஒன்றைச் சொன்னோம். அவ்வெள்ளிக்காசின் இலத்தீன் பெயர் ‘தெனாரியஸ்’. அச்சொல் கிரேக்கத்தின் வழியாக அரபு மொழியை அடைந்து ‘தீனார்’ ஆயிற்று. திருக்குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயம் 75ஆம் வசனத்தில் இடம்பெறும் சொல் அது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு மக்கள் ரோமானியத் தீனாரையும் பாரசீகத் திர்ஹத்தையும் கொண்டே வணிகம் செய்தனர். ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696–697இல், கலீஃபா அப்துல் மலிக் அரச உருவங்களை நீக்கிவிட்டு எழுத்துகளை மட்டுமே கொண்ட தங்கத் தீனாரை வெளியிட்டார். ஆகவே, நாம் ஸகாத் நூலில் ஓதும் சொல்லின் மூதாதை நம் வட்டத்து மண்ணிலேயே இருந்திருக்கிறது.

இப்பாடம் முடிந்த சில வாரங்களில், அதே மாணவர் ஒரு காகிதப் பொட்டலத்துடன் வந்தார். அவருடைய மாமா வீடு கட்ட அடித்தளம் தோண்டியபோது பச்சைக் களிம்பேறிய செப்புக்காசு ஒன்று கிடைத்ததாம். ஒரு புறம் யானை. மறுபுறம் பாரசீக எழுத்து. எழுத்தைக் கூட்டிப் படித்ததில், பட்டன் நகரில் அச்சிடப்பட்டது என்று தெரிந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் குறிக்கும் சொல் அது. திப்பு சுல்தானின் செப்புக்காசுகளில் யானை இருப்பது பலரும் அறிந்ததே. கொங்கு நாடு 1799 வரை மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. அவருடைய தந்தை ஹைதர் அலி 1766இல் பாலக்காட்டில் கோட்டை கட்டியதும் இதே கணவாயைக் காப்பதற்காகத்தான்.

வகுப்பில் விவாதம் மூண்டது. புதைந்து கிடந்த பொருளில் இஸ்லாமிய அடையாளம் இருந்தால், அது கண்டெடுக்கப்பட்ட பொருளாகிய ‘லுகதா’. உரியவரைத் தேடி அறிவிக்க வேண்டும். இஸ்லாத்திற்கு முந்தியோரின் அடையாளம் இருந்தால் அது ரிகாஸ். ஹனஃபி நூல்கள் இவ்வாறு பிரிக்கின்றன. “யானை உருவம் இருக்குதே, அப்ப ரிகாஸ்தானுங்க” என்றார் ஒருவர். “எழுத்து நம்ம எழுத்துங்களே” என்றார் மற்றொருவர். செம்பு ரிகாஸில் சேருமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் நாம் நினைவூட்டினோம். தீர்ப்பைக் காட்டிலும் அத்தீர்ப்புக்குச் செல்லும் வழியே அன்று எமக்கு முக்கியமாகப் பட்டது. ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் அதன் விலையைக் கேளாமல், ‘இது யாருடையது, எக்காலத்தது, எங்கே கிடந்தது’ என்று கேட்கும்படி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் சட்ட அறிஞர்கள் பழக்கியிருக்கிறார்கள். தொல்லியலாளர் கேட்பனவும் இவையே.

‘எங்கே கிடந்தது’ என்ற கேள்வியைச் சற்று விளக்க வேண்டும். ஒரு ஹதீஸின் வாசகம் எவ்வளவு அழகாயிருப்பினும், அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாத் அறுந்துவிட்டால் அது வலுவிழந்துவிடுகிறது. மண்ணில் கிடைக்கும் பொருளுக்கு அது கிடந்த மண்ணடுக்கே இஸ்னாத். எந்த ஆழத்தில், எந்த ஓட்டுத் துண்டுடன், எந்தச் சாம்பலுக்கு மேல் கிடந்தது என்பது தெரிந்தால் அது சாட்சி சொல்லும். பிடுங்கி எடுத்துக் கழுவிக் கைமாற்றிவிட்டால், விலை இருக்கும், சாட்சியம் இராது.

ஓரிரு நாளில் அக்காசின் படம் கைபேசிகளில் சுற்றத் தொடங்கியது. ‘திப்புவின் தங்கப் புதையல்’ என்று யாரோ தலைப்பிட்டிருந்தனர். ஒற்றைச் செப்புக்காசு இரண்டே நாளில் தங்கக் குவியலாகிவிட்டது. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நம்மவரைப் பெருமைப்படுத்தும் செய்தி என்பதற்காக அவ்வெச்சரிக்கை தளர்ந்துவிடாது. அதை அனுப்பியவர்களில் நம் ஜமாஅத்தாரும் இருந்தனர் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறோம்.

பழங்காசு வாங்குவோர் ஒருவர் வீடு தேடி வந்து விலை பேசினார். நாட்டின் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எப்பொருளையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அம்மாணவரின் அத்தாவுக்கோ பணத்தின் மீது நாட்டமில்லை, அச்சமே இருந்தது. “ஹஜ்ரத், நாம போய்ச் சொன்னா, இன்னும் என்னத்த ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு கேப்பாங்களோ? பேசாம மறுபடியும் புதைச்சிரலாமுங்களா?” என்றார். அவ்வச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை இதை வாசிப்போர் அறிவர். அதைக் கோழைத்தனம் என்று நாம் தள்ளவில்லை. ஆயினும், நாம் மறைத்தால் மறைப்பவர் என்ற பழிக்கு நாமே சான்றளித்ததாகும் என்று எடுத்துரைத்தோம். அவர் நான்கு நாள் சிந்தித்தார். ஐந்தாம் நாள் மனு எழுதிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்திற்கு உடன் வரும்படி எம்மை அழைத்தார்.

அங்கிருந்த அலுவலர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த எழுத்தைப் படிச்சது யாருங்க?” என்று கேட்டார். மாணவர் முன்னே வந்து ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காட்டினார். அலுவலர் அதை மனுவின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, காசைப் பெற்று, ஒப்புகைச் சீட்டு வழங்கினார். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. படியிறங்கும்போது அந்த அத்தா நெடுமூச்சு விட்டதை நாம் கேட்டோம்.

அவ்வலுவலகத்தில் நாம் உணர்ந்தது ஒன்றுண்டு. இவ்வூர் வரலாற்றில் ரோமானிய வெள்ளியும் கொடுமணல் பானை ஓடும் பிறருக்குரியவை, யானைக் காசு மட்டுமே நமக்குரியது என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருந்தனர். அவ்வெண்ணத்தை வளர்த்ததில் நமக்கும் பங்குண்டு. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைக் காணுமாறு அல்அன்கபூத் அத்தியாயம் பணிக்கிறது. மலைகளில் ஓடும் வெண்மையும் செம்மையும் கருமையுமான தடங்களை ஃபாத்திர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் சுட்டுகிறது. அறிவுடையோரே அல்லாஹ்வை அஞ்சுவர் என அடுத்த வசனம் தொடர்கிறது. கி.பி. 973இல் பிறந்த அல்பிரூனி, கங்கைச் சமவெளியில் மலையருகே பெருங்கற்களும் தொலைவில் சிறுகற்களும் கடலருகே மணலும் கிடப்பதைக் கண்டு, இந்நிலம் முன்பு கடலாயிருந்து வண்டலால் தூர்ந்தது என்று கணித்தார். அவருக்கு இந்நாட்டு மண் அந்நிய மண்ணாகத் தோன்றவில்லை. இறைவனின் மண்ணாகவே தோன்றியது. நாமோ இங்கேயே பிறந்தவர்கள்.

பெற்றோர்களிடம் நாம் வேண்டுவது சிறியது. பிள்ளைகள் வண்ணக் கல்லையோ ஓட்டுத் துண்டையோ கொண்டுவந்தால் குப்பை என்று வீசிவிடாதீர்கள். எங்கே எடுத்தாய் என்று கேட்டு, இடத்தையும் நாளையும் எழுதச் சொல்லுங்கள். கிணறோ அடித்தளமோ தோண்டும்போது பழம்பொருள் தென்பட்டால், அதைக் கிளறாமல் முறைப்படி தெரிவியுங்கள். மார்க்கச் சட்டத்தில் ஐயம் எழுந்தால் உங்கள் ஊர் ஆலிம்களை அணுகுங்கள்.

ஒப்புகைச் சீட்டின் நகல் ஒன்றை அம்மாணவர் தம் ஸகாத் பாடநூலில், ரிகாஸ் பக்கத்தில் வைத்திருக்கிறார். இவ்வாண்டு புதிய வகுப்புக்கு அப்பாடத்தை நடத்தும்போது, அதை இரவல் கேட்பதாக இருக்கிறோம்.

நம் முன்னோரும் பிறருடைய முன்னோரும் விட்டுச் சென்றவற்றை அமானிதமாகப் பேணும் பண்பை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக. ஆமீன்.