நேரான விதியும் நிகரான நீதியும்

எளியோரைக் காக்கவென விதிகளை வகுக்கின்றோம். அவற்றின் சுமை யார் தோளில் இறங்குகிறது என்பதை வரலாறே நமக்குக் காட்டுகிறது.

1901ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் கால்பந்து வீரருக்கு வாரம் 4 பவுண்டுக்கு மேல் ஊதியம் தரலாகாது என்றாயிற்று. செல்வக் கழகங்கள் சிறந்த வீரரையெல்லாம் வாரிக்கொள்ளாதிருக்கவே இவ்வரம்பு. நோக்கம் நன்று, விலை கொடுத்தவரோ வீரர். வரம்பு 20 பவுண்டாக உயர்ந்திருந்த 1961இல், ஜிம்மி ஹில் தலைமையில் வீரர் சங்கம் வேலைநிறுத்தத்திற்குத் துணியவே, அது ஒழிந்தது. அவ்வாண்டே ஃபுல்ஹாம் கழகம் ஜானி ஹெயின்ஸுக்கு வாரம் 100 பவுண்டு வழங்கியது.

காலப்போக்கில் கழகங்கள் பல கடனில் மூழ்கின. 2010இல் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம், வரவுக்குள் செலவு செய்யுமாறு விதித்தது. 2022இல் வகுத்த திருத்தமோ, வீரருக்கான செலவைப் படிப்படியாக வருவாயில் 70 விழுக்காட்டுக்குள் அடக்கச் சொன்னது.

கடனில் வீழாமல் காப்பது நன்றே. ஆயினும் நூறு கோடியில் எழுபது விழுக்காடும், பத்துக் கோடியில் எழுபது விழுக்காடும் ஒன்றாகுமா? முன்னைய விதி உழைப்பாளியைக் கட்டியது; பின்னையது எளிய கழகத்தை அதன் எளிமையிலேயே நிறுத்திவிடக்கூடும். அனைவர்க்கும் ஒரே அளவுகோல் என்பதோடு நீதி நிறைவுறுவதில்லை. அவரவர் நிற்கும் இடத்தையும் நாம் நோக்கியாக வேண்டும்.